அப்டேட்டுக்குப் பயந்தவன்

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர்க்காரர்கள் போன் பேச வேண்டுமென்றால் புளியந்தோப்பு தாண்டி மேட்டில் ஏற வேண்டும். அந்த மேட்டில் நின்றுதான், ஒரு ஞாயிறு காலை, அந்தச் செய்தியைப் படித்தேன். என் கடைக் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸ் மென்பொருள், நான் பழகிய டெஸ்க்டாப்பை இனிமேல் தராதாம்.

டெஸ்க்டாப் என்றால் திரையின் முகம். கீழே நீலப் பட்டை, மூலையில் மெனு, அதற்குள் பிரிண்டர். எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டரே அவ்வளவுதான். மனு அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள்; முதல் நாள் சாயங்காலமே ஆட்கள் வந்துவிடுவார்கள்.

ஓடி இறங்கினேன். எனக்கு முன்னால் அப்டேட் கடைக்குள் புகுந்து அதைத் தூக்கிவிடும் என்று பயம்.

வீட்டோடு சேர்ந்த கடை வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "இன்னாங்க, பன்னி தொரத்துதா?"

"டெஸ்க்டாப்ப எடுக்கப் போறாங்களாம்!"

"யாரு? எப்ப வர்றாங்க?"

விளக்க நேரமில்லை. அப்டேட் செய்கிற புரோகிராமையே பிடுங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று கட்டளை அடித்தேன். கூடவே இவையெல்லாமும் போகும், சரியா என்று அது நீளமாக எதையோ கேட்டது. உயிர் போகிற அவசரத்தில் யார் படிப்பது? சரி என்றேன். அணைத்துப் போட்டால் கறுப்புத் திரை. அதில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண்ணடித்தது.

மறுபடி மேடு. திருப்பத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மச்சானை அழைத்தேன்.

"அது அடுத்த வெர்ஷன்ல மாமா. உங்களுது பழசு, அதுக்கு ஒண்ணும் ஆவாது. நீங்க இன்னா பண்ணீங்க?"

"பாதுகாப்பு பண்ணேன்."

அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். "நெட்டே இல்லாத வூட்டுக்கு அப்டேட்டு எப்டி மாமா வரும், பஸ் ஏறியா? தூக்கினு வாங்க."

சிபியுவைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு மனைவி பைக்கில் பின்னால் உட்கார்ந்தாள். வழியில் ஒருவர் வண்டியை மறித்துக் குழந்தைக்குக் காய்ச்சலா என்று விசாரித்தார். "அப்பனுக்குத்தாங்க," என்றாள்.

மச்சான் அதே நீலப் பட்டையை மீட்டுக் கொடுத்தான். சாயங்காலம் கடை திறந்ததும் மேலத்தெரு ஆட்கள் நாலு பேர் வந்தார்கள்.

"நம்ம ஊருக்கு செல்போன் டவர் வோணும்னு அடிங்கண்ணா."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டவர் வந்தால் நெட்டும் வரும்; நான் அடித்தேன்.

"உடனடியானு போடுங்கண்ணா."

"'ஆவன செய்ய வேண்டும்'னு போட்டாப் போதாதா?"

"போதாது!"

போட்டேன். நீலப் பட்டை இருக்கும்போதே இரண்டு பிரதி எடுத்தும் கொடுத்தேன்.