மூத்த மருமகளின் வசனம்

பார்த்த சீரியலையே திரும்பத் திரும்பப் பார்க்கிறவள் நான். இதை வெளியில் சொல்ல வெகுகாலம் வெட்கப்பட்டிருக்கிறேன். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. தேயிலைக் கொழுந்தெடுக்கவும் ரப்பர் பால் வெட்டவும் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் தூங்கும்போது போனில் என்ன பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் "செய்தி" என்பேன். செய்தி பார்த்து யாரும் முந்தானையால் கண்ணைத் துடைப்பதில்லை என்பது கேட்டவர்களுக்கும் தெரியும்.

அது இந்தியாவிலிருந்து வந்த பழைய சீரியல். ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட இரண்டு மருமகள்கள். இளையவள் அழுவாள். மூத்தவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சமையலறையில் நின்று சதி செய்வாள். யார் எப்போது மயங்கி விழுவார்கள், யாருடைய பாலில் விஷம் கலக்கப்படும், எல்லாமே எனக்கு மனப்பாடம். அதில்தான் சுகமே இருந்தது. என் வீட்டில் நாளைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் நடக்கப்போவது எல்லாம் தெரியும்.

என் வீட்டுக்காரருக்கு அது ஆகவே ஆகாது. ரப்பர் பால் லொறி ஓட்டியவர். குரல் பெரிது, அவர் மேல் ரோட்டில் நின்று யாரையாவது கூப்பிட்டால் கீழ் லயத்து வீடுகளுக்குக் கேட்கும்.

"மறுபடியும் அந்த அழுகாச்சியா? அவதான் எப்பவோ செத்துட்டாளே புள்ள, இன்னமுமா நீ அழுவுற?" என்று கத்திவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஐம்பது வயதுகூட ஆகவில்லை, அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆராதனைக்குப் போகச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர், வலது கை தொங்க அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள். நாளாக ஆகக் கால் ஊன்ற வந்தது. கையும் கொஞ்சம் அசைந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கியது. பதில் சொல்ல வாயைத் திறந்தால், சேற்றில் புதைந்த டயர் நின்ற இடத்திலேயே சுற்றுவதுபோல ஒரே ஒரு சத்தம்தான் வந்தது.

கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுத்த மிஸ் ஒரு சிங்களப் பிள்ளை. "ஹெமின், ஹெமின்", மெதுவா மெதுவா, என்று அவரை அவசரப்படுத்தாமல் பேசுவாள். புதுச் சொல் வராவிட்டாலும், பழகிப்போன பாட்டு, ஜெபம், எண்ணிக்கை என்று ஏதாவது தானாக வரக்கூடும், வீட்டில் முயன்று பாருங்கள் என்று என்னிடம் சொன்னாள்.

எண்ணிப் பார்த்தோம். பாட்டுப் பாடினோம். எங்கள் போதகர் வந்து கட்டிலருகே உட்கார்ந்து, கர்த்தருடைய ஜெபத்தை ஒவ்வொரு வரியாகச் சொன்னார். பிள்ளை வயதிலிருந்து சொல்லி வந்த ஜெபம். என் வீட்டுக்காரரின் உதடு அசைந்தது, சத்தம் எழவில்லை. கண்ணீர்தான் வந்தது. அதன் பிறகு அவர் முயல்வதையே விட்டுவிட்டார். நான் எண்ண ஆரம்பித்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அப்படி அவர் திரும்பிப் படுத்திருந்த ஒரு பின்னேரம் மழை கொட்டியது. எங்கள் பக்கத்து மழையில் தகரக் கூரைக்குக் கீழே பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடச் சரியாகக் கேட்காது. எனக்கு மனசு தாங்கவில்லை. அவருக்காக இல்லை, எனக்காகத்தான் போனை எடுத்துச் சத்தத்தை முழுக்கக் கூட்டி அந்தச் சீரியலைப் போட்டேன். இளையவளை மூத்தவள் வாசலில் மறித்து நிற்கும் கட்டம்.

"சாவி என் இடுப்புல இருக்கு..." என்றாள் மூத்தவள். அங்கே இடி இடிக்கும். அவள் முகத்தை மூன்று தடவை கிட்டத்தில் காட்டுவார்கள்.

"கதவு... என் சொல்லுல இருக்கு!"

எனக்குத் தெரிந்த வசனம்தான். ஆனால் போனுக்குள் மூத்தவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். இடது கையால் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க... நீங்களா பேசுனீங்க?"

பதில் சொல்லப் பார்த்தார். பழைய சத்தம்தான் வந்தது. போனைப் பின்னுக்குத் தள்ளி அதே இடத்தை மறுபடி போட்டேன். சாவி, இடி, மூன்று தடவை முகம். "கதவு என் சொல்லுல இருக்கு!" இந்த முறை தடங்கலே இல்லை. மூத்தவளின் இழுவைகூட அப்படியே வந்தது.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி மழையில் ஓடி வந்தாள். "என்னக்கா, அண்ணனுக்கு என்ன?"

"அண்ணன் பேசிட்டாரு!"

"என்ன பேசுனாரு?"

"கதவு என் சொல்லுல இருக்குன்னாரு!"

அவள் கதவைப் பார்த்தாள், பிறகு எங்கள் இருவரையும் பார்த்தாள். நாங்கள் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்ப இத்தன வருஷமா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தீங்க!"

அவர் கூரையைப் பார்த்தார். அதைவிடத் தெளிவான பதில் வேண்டியிருக்கவில்லை.

மிஸ்ஸிடம் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்கறையாக வழி சொன்னாள். வசனம் வரும் முன்பே நிறுத்திவிட்டு அவரைச் சொல்ல விடுங்கள், அது சரளமாக வந்ததும் ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள் என்றாள். நாங்கள் அப்படியே செய்தோம். நான் இளையவள், அவர் மூத்தவள். முதலில் சீரியலில் உள்ளபடி சண்டை போட்டோம். பிறகு சொற்களை மாற்றினோம். ஒரு காலை நான் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன வேணும்? சொன்னாதான் தருவேன்" என்று மறித்து நின்றேன். அவருக்குக் கோபம் ஏறியது. முகம் சிவந்தது. "தேத்தண்ணி... என் சொல்லுல இருக்கு!" என்றார். கொடுத்துவிட்டேன்.

எல்லா நாளும் அப்படி இல்லை. ஒன்றுமே வராத நாளில் போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்திருக்கிறார். எடுத்துத் துடைத்து மறுபடி போடுவேன். எங்கள் சத்தம் கேட்டு லயத்துப் பெண்கள் வாசலில் கூட ஆரம்பித்தார்கள். நான் "செய்தி" என்று சொல்வதை அத்தோடு விட்டேன். ஒருநாள் போதகர் வந்தபோது என் வீட்டுக்காரர் மூத்தவளின் சாபம் ஒன்றை முழுசாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திகைத்துப்போய் வாசலிலேயே நின்றவர், பிறகு இரண்டு கையையும் உயர்த்தி "ஸ்தோத்திரம்!" என்றார்.

வசனங்களிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று அவருடைய சொந்தப் பேச்சுக்குள் வந்தன. என்னை "புள்ள" என்று மறுபடி கூப்பிட்ட அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

கடைசியாகக் கிளினிக்குக்குப் போனபோது மிஸ் அவருடைய பெயரைக் கேட்டாள். சொன்னார். தோட்டத்தின் பெயரையும் சொன்னார். இது யார் என்று என்னைக் காட்டிக் கேட்டாள். "மகே நோனா" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "என் பொஞ்சாதி" என்றார். அந்தப் பிள்ளை எழுந்து நின்று கை தட்டினாள். வெளியில் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, காரணம் தெரியாமல் அவர்களும் தட்டினார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நெருக்கமான கூட்டம். பாட்டும் அலறியது. எங்கள் சந்தி நெருங்கியபோது நான் வழக்கம்போல பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையை அழுத்தி நிறுத்தினார். கம்பியைப் பிடித்து எழுந்து, நெஞ்சு நிறைய மூச்செடுத்து, "மல்லி, பஹினவா!" என்று கத்தினார். தம்பி, இறங்கணும் என்று, பழைய லொறிக்காரர் குரலில்.

முன்னாலிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். பஸ் நின்றது. அவர் யாருக்கும் அவசரப்படாமல், ராஜா மாதிரி, முன் வாசலால் இறங்கினார். நான் அவர் பின்னால் இறங்கினேன்.