கட்டமா, கோடா

எஃபி ராங்கின் தைத்த கில்ட்டை, அதாவது ஸ்காட்லாந்து ஆண்களின் கொசுவப் பாவாடையைப் பார்த்தால் இன்வர்னஸ் ஊர்க்காரர்கள் "பரவாயில்ல" என்பார்கள். அதற்கு மேல் இங்கே யாரும் யாரையும் புகழ்வதில்லை, அவளும் எதிர்பார்த்ததில்லை. பட்டாளத்துக்குத் தைத்தே பாதி ஆயுள் போயிற்று. இப்போது வீட்டில் தைக்கிறாள். மழை வந்தால் விரல் மூட்டுகள் வலிக்கும். மழை வராத நாள் அபூர்வம்.

டூகல் மெக்ஃபி தன் கல்யாணத்துக்குக் கட்டம் போட்ட துணி கொண்டுவந்தபோது, எல்லோரிடமும் கேட்பதையே கேட்டாள்: "பின்னால கொசுவம் எப்படி வேணும்? கட்டமா, கோடா?"

கட்டம் என்றால், மடித்த பிறகும் துணியின் கட்டங்கள் குலையாமல் தெரியும். கோடு என்றால், ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே கோடுதான் நிற்கும். அது பட்டாளத்து வழக்கம்.

"கட்டம். எங்கப்பாவோடது கோடு. அது வாசலத் தாண்டிப் போறதப் பார்த்தே வளர்ந்தேன். போதும்."

காய்ச்சலோடு தைத்தாள். கல்யாண வாரத்தில் கடைசித் தையலை முடித்து ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தபோது, பின்பக்கம் முழுக்கக் கோடு. கை தன் பழக்கப்படி போயிருந்தது.

நாத்தனார் கிர்ஸ்டி பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி சொன்னாள்: "பேசாம குடுத்துரு. முன்பக்கம் ரெண்டுலயும் ஒண்ணுதான். அவனுக்கென்ன முதுகுலயா கண்ணு?"

"சர்ச்சுல பின்னால உக்கார்றவங்களுக்கு?"

"அவங்க பொண்ணப் பார்ப்பாங்க. இவன் பின்பக்கத்த யாருடி பார்க்கப் போறா!"

உடுத்துகிறவன் காணாத பக்கத்துக்குத்தான் இத்தனை உழைப்பும். ஆனால், காணாததால் அவனுக்கு அது இல்லாமல் போய்விடுமா? எஃபிக்கு வாதாடத் தெம்பில்லை. டூகலுக்குப் போன் செய்தாள்.

வந்தவன் திருப்பிப் பார்த்தான்.

"தப்பாத் தெச்சுட்டேன்," என்றாள். "சனிக்கிழமைக்குள்ள பிரிச்சுத் தெக்க என்னால ஆகாது. இதையே உடுத்திக்கலாம். இல்ல, வேறொண்ணு வாடகைக்கு எடுத்துக்கலாம்."

அவன் இடுப்பில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. "பேன்ட் போட்டுக்கறேன்."

"கல்யாணத்துக்குப் பேன்டா? மாமியார் சிரிப்பா," என்றாள் கிர்ஸ்டி.

"சிரிக்கட்டுமே. அவங்க சிரிச்சு யாரும் பார்த்ததில்ல." பிறகு எஃபியிடம், "மெதுவாப் பிரிச்சுத் தெச்சு வைங்க. குழந்தைக்குப் பேர் வைக்கறப்ப உடுத்திக்கறேன்," என்று கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பாள்.

சனிக்கிழமை சர்ச் மணி கேட்டபோது பாதிக் கொசுவம் பிரிந்திருந்தது. தையல் போயிற்று, இஸ்திரித் தடம் போகவில்லை. ஈரத்துணி போட்டு அழுத்தினாள். எடுத்துப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள்.