வேனுக்கு ஒரு போர்வை

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவளுக்கு ‘பிரேக்கக்கா’ என்று பெயர் விழுந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பழக வந்தவர்கள் பதறிப்போய் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் இவள் அதை மிதிப்பாள். கூடவே இரண்டு வார்த்தை திட்டும் விழும். ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கியிருந்தார்கள். கல்யாணப் பேச்சு வந்தபோதுகூட அங்கேயும் பிரேக்கைப் போட்டுவிட்டாள் என்று தங்கை இன்றுவரை கேலி செய்வாள்.

ஓய்வு பெற்ற மறு மாதமே ஒரு பழைய வேனை வாங்கி வந்தாள். சலவைக்கடைத் துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோன வண்டி. உள்ளே ஏறினால் இன்னமும் சோப்புத்தூள் வாசனை அடித்தது. ஒரு தச்சரைப் பிடித்து இருவர் படுக்கக் கட்டில், ஓர் அடுப்பு மேடை, ஓர் அலமாரி, கூரையில் ஒரு சின்ன ஜன்னல் என்று செய்யச் சொன்னாள். சுவரிலும் கூரையிலும் பஞ்சை வைத்து அடைத்து மேலே பலகை அடித்தாயிற்று. “நடக்கிற வீடுன்னு கேள்விப்பட்டிருக்கேன், இது ஓடுற வீடு” என்று தங்கையின் கணவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வீட்டு சோபாவைத் தாண்டி அவருக்கு ஓர் உலகம் தேவைப்படவில்லை. “நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. வீட்டைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்ல?” என்று முந்திக்கொண்டார். நீதிமன்றத்தில் முப்பது வருடம் தட்டச்சு அடித்து ஓய்ந்திருந்த தங்கைக்கும் அதுவே சௌகரியமாகப் பட்டது.

முதல் பயணம் மலைமேல் இருந்த ஏரிக்கு. கரையில் ஒரு புல்வெளி, வண்டிகள் நிறுத்தித் தங்குவதற்கென்றே விட்டிருந்தார்கள். சாயங்காலம் எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. விடிந்தபோது தங்கை மூன்று ஸ்வெட்டர், இரண்டு ஜோடி காலுறை, காதைச் சுற்றி ஒரு துண்டு என்று உருண்டையாக உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, சுவரெல்லாம் பஞ்சு வச்சு அடைச்சியே, முன்னாடி அவ்வளவு பெரிய கண்ணாடி இருக்கே, அதை மறந்துட்டியே! கதவைத் தொறந்து வச்சிட்டு ஜன்னலை மூடின கதையா இருக்கு.”

பிரேக்கக்கா முன்கண்ணாடியில் கையை வைத்துப் பார்த்தாள். பனிக்கட்டியைத் தொட்டது போல விரல் மரத்தது. “சரிதான்டி. இதுக்கு ஒரு போர்வை வாங்கணும்” என்றாள்.

வண்டிகளுக்கு இருக்கை உறையும் கண்ணாடி உறையும் தைத்து விற்கும் ஒருவர் சந்தைத் தெருவில் கடை வைத்திருந்தார். பிரேக்கக்காவைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அவளிடம் பழகி, தேர்வில் மூன்று தடவை தோற்று, நான்காவது தடவை தேறியவர். பயம் இன்னும் தெளியவில்லை.

“உக்காருங்க, உக்காருங்க. இன்னிக்கு நீங்க வாத்தியார், நான் படிக்க வந்தவ. சொல்லுங்க” என்றாள்.

அவர் இரண்டு வகை எடுத்துப் போட்டார். ஒன்று உள்ளே ஒட்டுவது. வெள்ளி நிறத்தில், பல அடுக்குத் துணியும் பஞ்சும் வைத்துத் தைத்த மூன்று துண்டுகள், ஓரங்களில் ரப்பர்க் குமிழ்கள். கண்ணாடியில் வைத்து அழுத்தினால் கவ்விக்கொள்ளும். இன்னொன்று வெளியே போர்த்துவது. முன்கண்ணாடியோடு இரண்டு பக்கக் கதவுக் கண்ணாடிகளையும் சேர்த்து மூடும் ஒரே பெரிய உறை. அதன் பட்டைகளைக் கதவுக்குள் விட்டுச் சாத்த வேண்டும், கீழே சக்கரத்தோடு எலாஸ்டிக் கயிற்றால் கட்ட வேண்டும்.

“எது நல்லது?” என்றாள் தங்கை.

“வெளிய போடுறதுதான் கதகதப்பு. குளிர் கண்ணாடியையே தொடாது. உள்ள போடுறது சுலபம். அவங்கவங்க விருப்பம்மா.”

“வழுக்குற பதிலா இருக்கே” என்றாள் பிரேக்கக்கா. கடைக்காரர் தலையைச் சொறிந்தார். கடைசியில் அவரே, பார்வைக்கு வைத்திருந்த இரண்டையும் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லும்படி கொடுத்தனுப்பினார். தங்கை வீட்டுச் சுவரில் தொங்கிய வெப்பமானியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எதையும் ஆதாரத்தோடு பேச வேண்டும் என்பது நீதிமன்றம் அவளுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம்.

அடுத்த வாரம் அதே ஏரிக்கரையில் உள் உறையைப் போட்டார்கள். இரண்டு நிமிட வேலை. காலையில் வெப்பமானி வெளியே இருந்ததைவிட உள்ளே நான்கு டிகிரி கூடக் காட்டியது. ஆனால் உறையை விலக்கியதும் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்து ஸ்டியரிங் அடிவரை நனைத்திருந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்துக் கண்ணாடியில் ஒட்டியிருந்த குமிழ் ஒன்று ‘பட்’டென்று விட்டுப்போக, அந்தத் துண்டு அப்படியே சரிந்து தங்கையின் தேநீர்க் கோப்பைக்குள் மூக்கை நுழைத்தது.

“எழுதிக்கோ. இது தள்ளுபடி” என்றாள் தங்கை.

அதற்கடுத்த தடவை வெளி உறை. கட்டி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. ஆனால் காலையில் கண்ணாடி உலர்ந்து பளபளவென்று இருந்தது. வெப்பமானி ஏழு டிகிரி கூடச் சொன்னது. தங்கை ஒரே ஒரு ஸ்வெட்டரோடு கட்டிலில் சாய்ந்துகொண்டு, “மடியில தூங்குற பூனை மாதிரி இருக்கு அக்கா. தீர்ப்பு சொல்லியாச்சு, இதுதான்” என்றாள். பிரேக்கக்காவுக்கும் மறுப்பு இல்லை. இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று முடிவானது.

மறுநாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையல்ல, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஏரியில் விழும் ஓடை கரை தாண்டிப் புல்வெளிக்குள் வர ஆரம்பித்தது. புல்வெளியைப் பார்த்துக்கொள்கிற காவலாளி விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தார். “எல்லாரும் வண்டியை மேட்டுக்கு எடுங்க! சீக்கிரம்!”

மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. இவர்கள் வேன் மட்டும் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது. தங்கை மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். சக்கரத்தில் கட்டிய எலாஸ்டிக் முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. ஊறிப்போன உறை மெத்தையைப் போலக் கனத்தது. அக்கா ஒரு பக்கம் இழுக்க, தங்கை ஒரு பக்கம் இழுக்க, பத்து நிமிடம் போனது. அவசரத்தில் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் தங்கை கட்டில் மேலேயே போட்டுவிட்டாள். போர்வை, தலையணை எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்தன.

“பூனை நனைஞ்சு போச்சேடி” என்று சொல்லிக்கொண்டே பிரேக்கக்கா வேனை மேட்டில் ஏற்றி நிறுத்தினாள்.

கீழே இன்னும் ஒரு வண்டி நின்றது. பேக்கரி வைத்திருக்கும் ஒருவருடையது. முந்தின நாள் இவர்களுக்கு ஒரு முழு ரொட்டி கொடுத்தவர், தனியாக வந்திருந்தார். எல்லாருக்கும் முன்னால் புறப்பட்டும் பாதிச் சரிவில் பின்சக்கரம் சேற்றில் சுழல, பயந்துபோய் வண்டியைப் பின்னாலேயே கீழே இறக்கி நிறுத்திவிட்டார். பிரேக்கக்கா குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

“அம்மா, இனி என்னால ஏத்த முடியாது. நீங்களே எடுத்துடுங்க” என்று சாவியை நீட்டினார்.

“உங்க கிளட்ச் உங்க காலுக்குத்தான் தெரியும். நான் எடுத்தா அது பழகுறதுக்குள்ள ஓடை வந்துடும். ஏறுங்க, நான் பக்கத்துல உக்காருறேன்.”

உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் அவள் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடியது. “மொதல்ல மூச்சை விடுங்க. செகண்ட் கியர். ஆக்சிலேட்டரைத் தொடவே தொடாதீங்க. கிளட்சை மெதுவா… இன்னும் மெதுவா… தூங்குற குழந்தைகிட்டருந்து கையை எடுக்குற மாதிரி விடுங்க.”

வண்டி முனகியது. ஒரு முறை வழுக்கியது. “ஐயோ!” என்றார் அவர்.

“ஐயோ எல்லாம் மேல போய்ச் சொல்லிக்கலாம். ஸ்டியரிங்கை ஒடிக்காதீங்க. நேரா… அப்படித்தான்… நல்லா வருது.”

கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து வண்டி மேட்டில் ஏறியது. மழையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். பேக்கரிக்காரர் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பிரேக்கக்காவுக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை என்பதை அப்புறம்தான் அவளே கவனித்தாள்.

இறங்கும்போது பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவருடைய கண்ணாடி உறைகள், உள்ளே ஒட்டும் வகை, கழற்றி வீசப்பட்டு ஒரு மூலையில் கிடந்தன. மழை ஈரம் துளியும் இல்லை. “இதைக் கழட்ட எவ்வளவு நேரம் ஆச்சு?” என்று கேட்டாள்.

“நேரமா? பிடிச்சு ஒரு இழு இழுத்தேன், அவ்வளவுதான்.”

திரும்பும் வழியெல்லாம் அக்காவுக்கும் தங்கைக்கும் வழக்கு நடந்தது.

“ஏழு டிகிரி அக்கா! ஏழு! உன் உள் உறை வெறும் நாலு.”

“கெளம்பணும்னா கெளம்பணும். முடிச்சு அவுக்குற வரைக்கும் தண்ணி நின்னு பாக்குமா?”

“தினமும் ஓடை வருமா?”

“ஓடை வேண்டாம். மழையில ஈரப் போர்வையை எங்க வைப்ப? உன் தலைமாட்டிலயா?”

தங்கை கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய தலையணை பின்னால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

உறைக்கடைக்காரர் முழுக் கதையையும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். “ஆயத்தமா விக்கிறது எல்லா வண்டிக்கும் பொதுவா தைச்சது. உங்க கண்ணாடிக்கு அளவெடுத்து, ஓரத்துல இடைவெளியே விடாம, உள் உறையைக் கனமா தைச்சுத் தரேன். குமிழ் வேண்டாம். கதவுச் சட்டம் இரும்புதானே, அங்க காந்தம் வச்சுடலாம். முன்கண்ணாடியைச் சுத்தி அழுத்திப் போடுற பொத்தான். விழவே விழாது” என்றார்.

“தண்ணி வழியுமே?” என்றாள் தங்கை விடாமல்.

“கூரை ஜன்னலை ஒரு விரக்கடை தொறந்து வைங்க, பாதி குறையும். மீதி… துடைக்கத்தான் வேணும்மா.”

“நான் துடைக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன், பதிவு பண்ணிக்குங்க.”

“நான் துடைக்கிறேன்டி, சரியா?” என்றாள் பிரேக்கக்கா. வழக்கு அத்தோடு முடிந்தது. கடைக்காரர் அளவுநாடாவோடு வேனுக்குள் ஏறினார். அவர் எடுத்த ஒவ்வோர் அளவையும் அவள் இன்னொரு முறை எடுக்க வைத்தாள்.

புது உறை கச்சிதமாகப் பொருந்தியது. ஆறு டிகிரி. வெளி உறைக்கு ஒன்றுதான் குறைவு என்பதைத் தங்கை கொஞ்சம் முணுமுணுப்போடு ஒத்துக்கொண்டாள். இந்த முறை கடற்கரைப் பக்கம் போயிருந்தார்கள். காலையில் பிரேக்கக்கா காந்தங்களையும் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக விடுவித்து, உறையை மடித்து வைத்துவிட்டு, பழைய துண்டால் கண்ணாடியைத் துடைக்க உட்கார்ந்தாள். துடைத்த இடத்தில் முதலில் மணல் தெரிந்தது, பிறகு ஒரு நாய், பிறகு கடல். பின்னால் தங்கை இரண்டு கைகளாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சம்மணமிட்டிருந்தாள்.

“அக்கா, அந்த மேல் மூலையில இன்னும் ஈரம் இருக்கு.”

“தெரியுது. டீயைக் குடி.”