ஒரே பார்வையில் ஒரு சிவப்பு நட்சத்திரம்

சென்ற வாரம் என் தம்பி மகள் எஸ்தர் ஒரு கைப்பை வாங்கி வந்தாள். ஆம்பூரிலேயே தைத்த பை; நல்ல அடர்சிவப்பு. "கலரு எப்படி இருக்கு அத்தே?" என்று கேட்டு என் மடியில் வைத்தாள். நான் அதைச் சன்னல் பக்கமாக ஒரு கணம் தூக்கிப் பார்த்துவிட்டு, உடனே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் முகம் வாடிவிட்டது.

"புடிக்கலையா? சரியாக்கூட பாக்கலியே நீங்க!"

பிடிக்காமல் இல்லை. சிவப்பாக எது இருந்தாலும் கண்ணிமைக்கும் நேரத்துக்கு மேல் அதைப் பார்க்கக் கூடாது என்பது எனக்கு நாற்பது ஆண்டுப் பழக்கம். அந்தப் பழக்கத்துக்குக் காரணம் ஒரு நட்சத்திரமும் இந்தப் பெண்ணின் அப்பனும்தான். இதை அவளிடம் சொன்னால் சிரிப்பாள் என்று உங்களிடம் சொல்கிறேன்.

பையை மூக்கருகே கொண்டுபோனேன். பசை வாசனைதான் வந்தது. எங்கள் காலத்துத் தோலுக்கு ஆவாரம்பட்டை வாசனை. ஆலங்காயம் பக்கத்துக் காடுகளிலிருந்து பட்டை வண்டி வண்டியாக வந்து இறங்கும். மழை பெய்த மறுநாள் காலையில் தெரு முழுவதும் கஷாயம் காய்ச்சுவதுபோல மணக்கும். அதன் பின்னாலேயே, பச்சைத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிகளின் இன்னொரு வாசனையும் வரும்; அதை விவரித்து உங்கள் சாப்பாட்டைக் கெடுப்பானேன்?

ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோல் வைக்கோல் நிறத்தில் அழகாக இருக்கும். ஆனால் வெளிச்சம் பட்டால் சிவக்கும் குணம் அதற்கு உண்டு. சிவந்த தோலுக்கு மதிப்புக் குறைவு. ஆகவே மூட்டை கட்டி அனுப்புமுன் ஒவ்வொரு தோலையும் பார்த்து, இது வெளுப்பு, இது நடுத்தரம், இது சிவப்பு என்று பிரிக்க வேண்டும். என் தம்பி தாவீதின் வேலை அதுதான். அப்பா இறந்தபின், எங்கள் இருவரில் ஒருவர்தான் மேலே படிக்க முடியும் என்ற நிலை வந்தது. மூத்தவள் நான் படிக்கப் போனேன். அவன் தோல் கிடங்குக்குப் போனான். பௌதிகத்தில் பட்டம் (அந்தக் காலத்தில் அதற்கும் பி.ஏ.தான்) பெற்றுத் திரும்பி, ஊரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். அன்றுமுதல் அவன் என்னை அக்கா என்று அழைத்ததைவிட 'பி.ஏ.' என்று அழைத்ததே அதிகம்.

அந்தப் பள்ளியின் அறிவியல் அறையில், உடைந்த தராசுகளுக்கு அடியில், ஒரு பித்தளைத் தொலைநோக்கி கிடந்தது. யார் விட்டுப்போனார்களோ தெரியவில்லை. அதன் பெட்டிக்குள் ஒரு துண்டுத்தாளும் இருந்தது. ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்கள் வானத்தில் பல உண்டு, அவற்றைக் கவனிக்க வானியலாளர்கள் போதவில்லை, ஆர்வமுள்ள பொதுமக்கள் பார்த்து எழுதி அனுப்பினால் நன்றியுடன் பெற்றுக்கொள்வோம் என்று கடல்கடந்த ஒரு வானாய்வு நிலையம் அதில் கேட்டுக்கொண்டிருந்தது. கற்றவர்கள் உலகத்துக்குக் கடன்பட்டவர்கள் என்று தீவிரமாக நம்பிய வயது எனக்கு. அன்றைக்கே கடிதம் எழுதினேன்.

அவர்கள் எனக்கு ஒதுக்கியது, வேட்டைக்காரன் என்னும் நட்சத்திரக் கூட்டத்தின் காலடியில் பதுங்கியிருக்கும் முயல் கூட்டத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். அவர்கள் நாட்டில் அது அடிவானத்துப் புகையில் தவழுமாம். நம் ஊரிலோ தை, மாசி மாதங்களில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே தெற்கில் உயரமாக ஏறி நிற்கும். முதன்முதலில் அதைக் கண்டபோது, அடுப்பிலிருந்து தெறித்த ஒரு கங்கு வானத்தில் ஒட்டிக்கொண்டதோ என்று நினைத்தேன். வயதான நட்சத்திரம் அது. உள்ளே விளைந்த கரி மேலே வந்து படிந்திருப்பதால், துடைக்காத அரிக்கேன் விளக்கின் கண்ணாடிபோல், தன் வெளிச்சத்தைத் தானே சிவப்பாக்கிக்கொள்கிறது. ஏறக்குறைய பதினான்கு மாதங்களுக்கு ஒரு முறை பிரகாசமாகி, பிறகு வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கி, மீண்டும் எழும்.

எதற்காக இதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதியதற்கு நிலையத்திலிருந்து ஒரு விளக்கம் வந்தது. பெரிய தொலைநோக்கியில் அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால், நட்சத்திரத்தின் மேற்பரப்பு நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா, எவ்வளவு வேகத்தில் என்றெல்லாம் சொல்லிவிடலாமாம். அந்த வேகமும் மாறிக்கொண்டே இருக்கிறதாம். தூங்குகிறவரின் மார்பு ஏறி இறங்குவதுபோல அது விம்மித் தணிகிறது என்று சந்தேகிக்கிறார்கள். அப்படியானால், ஒளி மிகும்போது அது விம்முகிறதா, தணிகிறதா? 'வேகத்தை நாங்கள் அளந்துவிடுவோம். அந்த நாள்களில் அது எவ்வளவு பிரகாசமாக இருந்தது என்பதை உங்களைப் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டும்' என்று கடிதம் முடிந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆம்பூர்ப் பள்ளிக்கூட மொட்டைமாடியில் நான் தவறாக எழுதினால், அங்கே ஒரு நட்சத்திரம் தலைகீழாக மூச்சுவிடும்!

அவர்கள் அனுப்பிய குறிப்புத்தாளின்படி வேலை என்னவோ எளிதுதான். அருகில் பிரகாசம் தெரிந்த வெள்ளை நட்சத்திரங்கள் இருக்கும். நம்முடையது எதைவிட மங்கல், எதைவிடப் பிரகாசம் என்று பார்த்துக் குறிக்க வேண்டும். பொறுப்பை நினைத்து நான் மிகக் கவனமாகப் பார்த்தேன். ஒவ்வொரு நட்சத்திரத்தையும், மனத்துக்குள் கர்த்தருடைய ஜெபத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்லி முடிக்கும்வரை கண்ணெடுக்காமல் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் இரண்டு ஜெபம். இப்படி இரண்டு குளிர்காலங்கள்.

இரண்டாவது குளிர்காலத்தின் நடுவில் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது: என் குறிப்புகள் நிறைய இருக்கின்றன, ஆண்டுத் தொகுப்பில் என் பெயருடன் அச்சாகும். தலைமை ஆசிரியை காலைக் கூட்டத்தில் அதை வாசித்தார். பிள்ளைகளுக்குப் பூந்தி வழங்கப்பட்டது. அம்மா கோயிலில் ஒருவர் விடாமல் சொன்னார், "எம் பொண்ணு பேரு சீமையில அச்சாவப் போவுது."

இருட்டியபின் நான் தனியாக வரக் கூடாதென்று அம்மா தாவீதை அனுப்புவார். அவன் லாந்தரைப் படிக்கட்டிலேயே வைத்துவிட்டு மேலே வந்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து என்னைக் கிண்டல் செய்துகொண்டிருப்பான். அதுவரை ஒருநாளும் அவனைப் பார்க்கச் சொன்னதில்லை என்பதை இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஒரு நாள் அவனே கேட்டான்.

"நானும் பாக்கட்டுமா, பி.ஏ.? தேஞ்சிப் போவாதில்ல?"

குனிந்தான், நிமிர்ந்தான். அவ்வளவுதான்.

"கீழ இருக்குற வெள்ளையவிட கம்மி."

"நல்லா பாருடா! அதைவிட ஜாஸ்தின்னு இப்பத்தான் எழுதினேன்."

"பாத்துட்டேங்க்கா."

"எங்க பாத்த? கண்ணுகூட மூடித் தொறக்கல."

"அதுதாங்க்கா பாக்குறது. நீ பாக்குறது இன்னாமோ கோழி முட்டைமேல ஒக்காந்த மாரி இருக்குது."

சண்டை வலுத்தது. கிடங்கில் வடக்குச் சன்னலுக்கு நேராகத் தோலைத் தூக்கி, பார்த்த மாத்திரத்தில் குவியலில் வீசிவிட வேண்டுமாம். ஒரே தோலை இரண்டாம் முறை பார்க்கிறவனை மேஸ்திரி காசிம் பாய் வெளியே போய்ப் பச்சை இலையைப் பார்த்துவிட்டு வரச் சொல்வாராம். "பாக்கப் பாக்க செவப்பு ஏறிக்கினே போவும். தோலு ஏறாது, கண்ணுதான் ஏத்தும்" என்றான். நட்சத்திரம் தோல் இல்லை என்று நான் உயர்ந்த குரலில் விளக்கினேன். "அப்ப சனிக்கெழம வந்து நீயே பாரு" என்றான்.

போனேன். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பட்டதாரிக்குரிய முகத்துடன் போனேன். இருபது ஆண்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். காசிம் பாய் ஐந்து தோல்களை என் முன் வைத்தார். வெள்ளைத்தாடி; கண்ணில் குறும்பு. முதல் தோலைச் சன்னலுக்கு நேரே பிடித்து, வழக்கம்போல் உற்றுப் பார்க்கத் தொடங்கினேன். உதடுகூட அசைந்திருக்க வேண்டும்.

"டீச்சரம்மா, இன்னாத்துக்கு தோலுக்கு ஜெபம் பண்றீங்க? அது செத்துப் பல நாளாச்சும்மா."

கிடங்கே சிரித்தது, தாவீது முதல் ஆளாகச் சிரித்தான். நான் சிவப்பு என்று ஒதுக்கிய மூன்றில் இரண்டை அவர் வெளுப்புக் குவியலில் எறிந்தார். நான் வாதாடினேன். அவர் அவற்றைத் திரும்ப எடுத்து, என்னை வாசலில் இருந்த வேப்பமரத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்லி, பிறகு சட்டென்று நீட்டினார். வெளுப்பேதான். வைக்கோல் நிறம்.

அன்று மாலை தொடங்கிப் பத்து மாலைகள் நானும் தாவீதும் ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல், தனித்தனிச் சீட்டில் எழுதி ஒரு செங்கல்லுக்கு அடியில் வைத்தோம். அவன் ஒரு பார்வை. நான் என் ஜெபங்கள். பதினோராம் நாள் சீட்டுகளைப் பிரித்தோம். அவன் கணக்கில் நட்சத்திரம் படி இறங்குகிறவர்போல நிதானமாக மங்கிக்கொண்டிருந்தது. என் கணக்கில் அது முரட்டுக் கன்றுபோலத் துள்ளியது. எந்த நாளில் நான் அதிக சிரத்தையாக இருந்தேனோ அந்த நாளில் அதிகப் பிரகாசம். சிவப்பு மட்டும்தான் அப்படி ஏறியது. பக்கத்து வெள்ளை நட்சத்திரங்கள் என் பக்திக்கு அசையவில்லை.

இரண்டு குளிர்காலக் குறிப்புகளும் பொய் என்று அப்போது புரிந்தது. அவை ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன. அவற்றை நம்பி யாரோ ஒருவர் வேகத்தையும் ஒளியையும் பொருத்திப் பார்க்கப் போகிறார். எழுதிச் சொன்னால் என் பெயர் அச்சாகாது. தின்ற பூந்திக்குத் தலைமை ஆசிரியையிடம் பதில் சொல்ல வேண்டும். அம்மா கோயிலில் தலைநிமிர முடியாது. சொல்லாவிட்டால் இங்கே ஒருவருக்கும் தெரியாது. இரண்டு நாள் கடிதத்தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

"மூட்டையில தப்பு தோலு போய்ட்டா நீங்க இன்னாடா பண்ணுவீங்க?" என்று கடைசியில் தாவீதைக் கேட்டேன்.

"வாங்குனவன் மூட்டைய பிரிக்கிறதுக்குள்ள தந்தி குடுப்போம்."

"திட்ட மாட்டாங்களா?"

"பேஜாராத் திட்டுவாங்க. ஆனா அடுத்த மூட்டைய வாங்குவாங்க."

எழுதினேன். இரண்டு குளிர்காலங்களின் குறிப்புகளையும் அடித்துவிடும்படி கேட்டு, காரணத்தையும் ஜெபத்தையும் மறைக்காமல் சொல்லி, தாவீதின் பத்துச் சீட்டுகளை அவன் பெயரிலேயே படியெடுத்து இணைத்தேன். தலைமை ஆசிரியையிடமும் நானே போய்ச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பூந்தி நன்றாகத்தான் இருந்தது" என்றார்.

பதில் வர மாதங்கள் ஆயின. குறிப்புகளை அடித்துவிட்டோம், நேர்மைக்கு நன்றி, தொடர்ந்து எழுதவும் என்றிருந்தது. சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்க்காமல் விரைவாகப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் அனுப்பிய குறிப்புத்தாளின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கிறதே என்றும் மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். அந்தத் தாள் காற்றில் பறக்காமலிருக்க, வந்த அன்றே அதைச் சோற்றுப் பசை தடவிப் பலகையில் ஒட்டியிருந்தேன். பின்பக்கத்தை இன்றுவரை நான் படித்ததில்லை. கடைசி வரி இது: 'திரு. தாவீதின் குறிப்புகள் மிகச் சிறப்பானவை. அவர் எந்த நிலையத்தில் பயிற்சி பெற்றவர் என அறிய விரும்புகிறோம்.'

அதைக் காசிம் பாயிடம் மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "நம்ம வடக்கு சன்னலுன்னு எழுதும்மா."

எழுதினேன். அந்த ஆண்டுத் தொகுப்பில் ஆம்பூருக்கு நேரே தாவீதின் பெயர்தான் வந்தது. என் பெயர் அடுத்த ஆண்டுதான். அம்மா கோயிலில் செய்தியை மகன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். யாரும் கணக்குக் கேட்கவில்லை. தாவீது என்னை 'பி.ஏ.' என்பதை மட்டும் விடவில்லை.

எஸ்தரின் பையைப் பார்க்க அவன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஒரு பார்வை. "நடுத்தரம்" என்று சொல்லிவிட்டு மகளிடம் அடி வாங்கினான். பிறகு இருவரும் மெதுவாக மாடி ஏறினோம். தொழிற்சாலைகளின் வெளிச்சமும் நெடுஞ்சாலை வெளிச்சமும் சேர்ந்து வானத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தன. வேட்டைக்காரனின் இடுப்பில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. அவன் காலடியில் முயல் இல்லை. வடக்குச் சன்னல் கிடங்கை இடித்துவிட்டார்கள். ஆவாரம்பட்டை வண்டிகள் வருவதில்லை. காசிம் பாய் போய்ப் பல ஆண்டுகள் ஆயின. நான் எழுதிய இரண்டு குளிர்காலங்கள் இவை எல்லாவற்றுக்கும் முன்பே, என் கையாலேயே போய்விட்டன.

தாவீது தெற்கே ஒரு முறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தெரியலக்கா."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"போதும், வா. நீ எத்தினி ஜெபம் பண்ணாலும் இல்லாதது ஏறாது."

அந்த ஒரு நாள் மட்டும் நான் அவன் பேச்சைக் கேட்கவில்லை.