மகனின் பையில் இருந்த ஆரஞ்சுத் துணி

ஓசூரில் இன்ஜினியரிங் படிக்கும் என் மகன், ஞாயிறுதோறும் நண்பன் வீட்டுக்கென்று கிளம்புவான். ஒருநாள் அவன் பையில், சீக்கியர்கள் கட்டுவது போன்ற ஆரஞ்சு நிறத் தலைத்துணி இருந்தது. யாரோ அவனை மதம் மாற்றுகிறார்கள் என்றே முடிவுகட்டினேன்.

அடுத்த ஞாயிறு பின்தொடர்ந்து போனேன். சிப்காட் தொழிற்பேட்டை அருகே ஒரு ஷெட்டில் சீக்கிய இளைஞர்கள், ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்களுக்காகச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் மகன், தலையில் அதே துணி.

"எம் பையன மதம் மாத்தறீங்களாடா?" என்று கத்தினேன்.

"சமைக்கறவங்க எல்லாரும் தலைய மூடணும்மா, அவ்வளவுதான். நீ போ!" என்றான் மகன்.

துணியைப் பறிக்க எட்டினேன். முழங்கை பட்டு, மேசையிலிருந்த கொதிக்கும் பருப்பு வாளி என் பக்கம் சரிந்தது. ஓர் இளைஞர் பாய்ந்து அதைத் தள்ளிவிட்டார். அவர் முன்கை வெந்துபோனது.

குழாய்த் தண்ணீரில் கையை நீட்டியிருந்தவரிடம், "மன்னிச்சிடுப்பா" என்றேன்.

"வாடா போடான்னதுகூடப் பரவால்ல ஆன்ட்டி. நாப்பது பேரு சாப்பாடு தரையில கெடக்குது. மொதல்ல கெளம்புங்க" என்றார், நம்மூர்த் தமிழிலேயே.

இப்போது மகனின் பையைத் திறப்பதில்லை. சந்தேகம் வந்தால் அவனிடமே கேட்கிறேன். பதில் ஒற்றை வார்த்தையில்தான் வருகிறது.