நீராவியக்காவின் ஒன்றரைச் சாண் தொட்டி

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், சலவை அறைக்கும் பிணவறைக்கும் நடுவே கிருமிநீக்கப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மேலே எட்டு மாடிகளிலும் மனிதர்களைப் பிழைக்க வைப்பவர்களுக்குப் பெயர்ப்பலகை உண்டு, ஏசி உண்டு. கீழே கிருமிகளைக் கொல்பவர்களுக்கு ஒரு மின்விசிறி. அதுவும் முனகிக்கொண்டேதான் சுற்றும்.

அந்த மின்விசிறிக்குக் கீழே இருபத்திரண்டு வருஷமாக நின்றுகொண்டிருப்பவள் நீராவியக்கா. கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, பச்சைத் துணியில் பொட்டலம் கட்டி, கோடு விழும் டேப்பை ஒட்டி, ஆட்டோக்ளேவ் என்கிற நீராவிப் பீப்பாய்க்குள் தள்ளி வேகவைத்து எடுப்பது அவள் உத்தியோகம். உள்ளே சூடு சரியாக ஏறியிருந்தால் டேப்பில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுந்தால் உள்ளே உயிர் என்று ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம். ஒரு ஷிப்டில் அவள் கொன்று குவித்த அளவுக்கு எந்தப் பேரரசனும் ஆயுள் முழுக்கக் கொன்றதில்லை. ஆனால் சரித்திரத்தில் அவளுக்கு இடமில்லை. முட்டியில் வலிக்கு மட்டும் தாராளமாக இடமிருந்தது.

வீட்டில் அவளைத் தவிர மூன்று பேர். கணவர் தபால் பிரிக்கும் நிலையத்தில் விலாசம் பார்த்துப் பெட்டியில் போடுகிறவர். மகள் கல்லூரியில் கடைசி வருஷம். கணவரின் தம்பி, பதினோரு வருஷமாகத் தன் தகுதிக்கேற்ற வேலையைத் தேடிக்கொண்டிருப்பவன். வேலைதான் அவனைக் கண்டதும் ஒளிந்துகொள்கிறது. குணத்தில் மூன்றும் மூன்று திசை என்றாலும் ஒரு விஷயத்தில் அபார ஒற்றுமை. கூப்பிடுவது. “இங்க பாரேன்!”, “அம்மா!”, “அண்ணி!” என்று மூன்று சுருதியில் அது நடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா எண்ணிப் பார்த்தாள். மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பத்துமூன்று தடவை. அதில் ஒன்பது, கூப்பிட்டுவிட்டு “ஒண்ணுமில்ல, விடு” என்ற வகை. மனிதர்கள்தான் என்றில்லை. துணி துவைத்து முடித்த வாஷிங் மெஷின் கூப்பிடும். கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் ஃப்ரிட்ஜ் கூப்பிடும். குக்கரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இப்படியிருக்கையில் கண் பரிசோதனைக்குப் போன இடத்தில், வரவேற்பு மேஜைமேல் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியைப் பார்த்தாள். ஒன்றரைச் சாண் நீளம். உள்ளே கொஞ்சம் செடி, கொஞ்சம் கல், நாலைந்து மீன். மீன்கள் வாயைத் திறந்தன, மூடின. ஆனால் யாரையும் கூப்பிடவில்லை. நீராவியக்கா இருபது நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய டோக்கன் எண்ணை மூன்று முறை சொல்லிவிட்டு, கண்ணுக்குப் பார்க்க வந்தவளுக்குக் காதும் போச்சு போலிருக்கிறது என்று முடிவுகட்டி, அடுத்த ஆளை உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரமே வளர்ப்பு மீன் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஊரில் இல்லை. அவருடைய மருமகன் உட்கார்ந்திருந்தான். இல்லை என்று சொல்லத் தெரியாத நல்ல மனசுக்காரன். தொட்டி, கல், செடி, காற்று மோட்டார், ஸ்பாஞ்ச், மூன்று கப்பி மீன் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, “இன்னைக்கே விட்டுடலாம்க்கா,” என்று சிரித்துக்கொண்டே வழியனுப்பினான்.

ஜன்னலோரத் தட்டில் தொட்டி ஏறியது. எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வேலை முடிந்து வந்து, டீயோடு அந்த நாற்காலியில் இருபது நிமிஷம். நீராவியக்கா வாழ்க்கையிடம் கேட்டது அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் முதல் மீன் மல்லாந்தது. ஏழாம் நாள் மற்ற இரண்டும்.

தொழில்காரிக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. கிருமி! தொட்டியைக் கவிழ்த்தாள். கண்ணாடியை பிளீச்சிங் போட்டுத் தேய்த்தாள். கல்லைக் கொதிக்க வைத்தாள். ஸ்பாஞ்சைப் பிழிந்து பிழிந்து, அதிலிருந்து வரும் தண்ணீரைக் குடிக்கலாம் என்கிற அளவுக்குக் கழுவினாள். மறுபடி மூன்று மீன். இந்த முறை ஒரு வாரம்கூட ஆகவில்லை.

“பூனைகூட இவ்ளோ வேகமா முடிக்காதுண்ணி,” என்றான் கொழுந்தன், சோபாவில் படுத்தபடி.

கணவர் அந்த நேரம் பார்த்துத் தீர்ப்பு வழங்கினார். மகள் படிப்புக்கென்று பிரிண்டர் ஒன்று வந்து, அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. அதன் வயர் எட்டுகிற ஒரே இடம் ஜன்னலோரத் தட்டுதான்.

“இங்க பாரு. மாசக் கடைசி வரைக்கும் டைம். அதுக்குள்ள அந்தத் தொட்டியில மீன் நீந்தணும். இல்லைன்னா அந்த இடம் பிரிண்டருக்கு.”

“மீன்னா எத்தனை?”

“ஒண்ணு போதும். ஆனா உயிரோட.”

வீட்டு அடுப்பில் கொதிக்கவைத்தால் போதவில்லை என்று நீராவியக்காவுக்குத் தோன்றியது. மறுநாள் கல்லையெல்லாம் டப்பாவில் போட்டு வேலைக்கு எடுத்துப்போனாள். பச்சைத் துணியில் பொட்டலம் கட்டினாள். டேப் ஒட்டினாள். பொட்டலத்தின் மேல் உள்ளே இருப்பதை எழுதாமல் விடக்கூடாது என்பது பிரிவின் சட்டம். இருபத்திரண்டு வருஷமாகச் சட்டத்தை மீறாதவள், “கல், சிறியது” என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டாள். கோடு கன்னங்கரேல் என்று விழுந்தது. அதை ஆறவைத்துவிட்டு டீ குடிக்கப் போன ஐந்து நிமிஷத்தில், தள்ளுவண்டிக்காரர் மற்ற பொட்டலங்களோடு சேர்த்து அதையும் நாலாம் மாடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டார்.

கால் மணி நேரத்தில் பொறுப்பு சிஸ்டர் படியிறங்கி வந்தார். கையில் திறந்த பொட்டலம்.

“இது யாரோடது?”

“என்னோடதுதான், சிஸ்டர்.”

“என்ன இது?”

“கல்லு.”

“கல்லுன்னு எனக்கும் தெரியுது. மேல இருக்கறது சிறுநீரக டாக்டர். இங்க கல்லை வெளிய எடுக்கறதா, உள்ள வைக்கறதான்னு கேக்கறாரு. நான் என்ன பதில் சொல்ல?”

“சுத்தமான கல்லுதான், சிஸ்டர். கோடு பாத்தீங்கல்ல?”

சிஸ்டர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டார். நீராவியக்கா மூச்சுவிடாமல் சொன்னாள்.

“இப்ப எத்தனை மீன் இருக்கு?”

“இப்போதைக்கு இல்ல. ஆறு போயிடுச்சு.”

“ஆறா!” சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “சரி, விளக்கக் கடிதம் ஒண்ணு எழுதிக் குடுத்துடு. மீன் பத்தி எழுதாதே. கவனக்குறைவுன்னு மட்டும் எழுது.”

கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அன்று சாயங்காலமே கடைக்குப் போனாள். இந்த முறை நிஜக் கடைக்காரர் இருந்தார். வாடிக்கையாளர்கள் கையில் எத்தனையோ மீன்களைப் பறிகொடுத்து, இனி யாரையும் நம்புவதில்லை என்று முகத்திலேயே எழுதி ஒட்டிய மனிதர்.

“மூணு கப்பி குடுங்க.”

“முன்னாடி வாங்கினது என்ன ஆச்சு?”

சொன்னாள். பிளீச்சிங், கொதிநீர், ஆட்டோக்ளேவ் வரைக்கும் ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“எங்கம்மா வேலை பாக்கறீங்க?”

“ஆஸ்பத்திரியில. கிருமி நீக்கற பிரிவு.”

கடைக்காரர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, துக்க வீட்டில் பேசும் குரலில் விளக்கினார். மீன் கழிவு தண்ணீரில் விஷமாக மாறும். அந்த விஷத்தைத் தின்று தீர்க்க ஒரு வகைக் கிருமி இருக்கிறது. அது கல்லிலும் ஸ்பாஞ்சிலும் மெல்ல மெல்லக் குடியேறும். அதற்குக் குறைந்தது ஒரு மாதம் பிடிக்கும். குடியேறுகிற சமயம் பார்த்து யாரோ வந்து கழுவி, கொதிக்கவைத்து, கோடு விழுகிறவரைக்கும் வேகவைத்தால் மீன் என்ன செய்யும்? தன் விஷத்தில் தானே செத்துப்போகும்.

“அப்ப, நான்தான் கொன்னேனா?”

“சுத்தமாக் கொன்னீங்க,” என்றார். “உங்களுக்கு இப்ப மீன் கிடையாதும்மா. தண்ணி தயாராகட்டும். தினம் ஒரு சிட்டிகை தீனி போடுங்க, அது அழுகி அந்தக் கிருமிக்குச் சாப்பாடாகும். தொட்டிக்குள்ள கையே வைக்காதீங்க. எதுவும் செய்யாம இருக்கணும். அதுதான் வேலை.”

அது மட்டும் போதாதென்று, தன் கடைத் தொட்டியிலிருந்த பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை ஒரு பைக்குள் பிழிந்து, செம்மண் நிறத்தில் ஒரு டம்ளர் அழுக்குத் தண்ணீரும், அதில் ஊறிய ஒரு செடிக் கொத்தும் தந்தார். குடியேற்றத்தைச் சீக்கிரப்படுத்துமாம். பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டுநர் பிரேக் போடும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். கிருமிக்கு ஒரு ஆபத்தும் வராமல் பார்த்துக்கொண்டது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து இருபத்துநாலு நாள். எதுவும் செய்யாமல் இருப்பது எவ்வளவு களைப்பான வேலை என்பது நீராவியக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் வாரம் தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்தது. இரண்டாம் வாரம் கண்ணாடியில் பழுப்பாக ஒரு படலம் படிந்தது. அவள் விரல்கள் தாமாகவே தேய்ப்பு பிரஷைத் தேடின. ஒருநாள் பிரஷோடு தொட்டிவரைக்கும் போய்விட்டாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து சமையலறைத் தொட்டியை அரைமணி நேரம் தேய்த்தாள். அது ஏற்கனவே பளபளவென்றுதான் இருந்தது.

மற்றபடி சாயங்காலம் டீயோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். பார்க்க அழுக்குத் தண்ணீர்தான். ஆனாலும் கூப்பிடாத அழுக்கு.

“அம்மா!”

“வேலையா இருக்கேன்.”

“என்ன வேலை? சும்மாதானே உக்காந்திருக்கே?”

“அதான் வேலை.”

மாதத்தின் கடைசி நாள் வந்தது. மருந்துப் புட்டியில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள். கடைக்காரர் அதில் சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“பரவால்ல, நல்லா வந்திருக்கு. இன்னும் பத்து நாள்.”

“இன்னைக்கு மாசக் கடைசிங்க.”

“உங்க மாசம் தண்ணிக்குத் தெரியாதும்மா.”

“ஒண்ணே ஒண்ணு குடுங்க. சாயங்காலம் வரைக்கும் இருந்தாப் போதும்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. சாயங்காலம் வரைக்கும். கடைக்காரர் கை வலையை எடுக்கவில்லை. மல்லாந்து மிதந்த ஆறும் ஒவ்வொன்றாக நீராவியக்காவின் நினைவுக்கு வந்தன.

“வேண்டாம், விடுங்க,” என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு பஸ் ஏறினாள்.

வீட்டில் கணவர் பிரிண்டர் பெட்டியைத் தட்டுக்குப் பக்கத்தில் தயாராக நகர்த்தி வைத்திருந்தார். மகள் கத்தரிக்கோலோடு நின்றாள். கொழுந்தன்கூட எழுந்து உட்கார்ந்திருந்தான். அந்த வீட்டில் அது ஒரு நிகழ்ச்சி.

“என்ன, மீன் எங்க?”

“இல்ல.” நீராவியக்கா பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. “தொட்டியை எடுத்துடலாம். நானே எடுக்கறேன். நீங்க யாரும் கை வைக்காதீங்க.”

குனிந்து மோட்டார் வயரைப் பிடுங்கப் போனாள்.

“இரும்மா, இரு. அது என்ன?” என்றாள் மகள்.

கண்ணாடியின் பழுப்புப் படலத்தில், யாரோ விரலால் கோலமிட்டதுபோல் ஒரு சுத்தமான பாதை வளைந்து வளைந்து போயிருந்தது. பாதையின் முடிவில், மிளகளவு ஒரு நத்தை. கடைச் செடிக் கொத்தில் ஒட்டிக்கொண்டு, அழைப்பில்லாமல் வந்திருக்க வேண்டும். செடிக்குப் பின்னால் இன்னொன்று. கல்லில் மூன்றாவது.

“உயிரோடதான் இருக்கு,” என்றான் கொழுந்தன்.

“மீன்னுதானே சொன்னேன்?” கணவர் தபால் இலாகாக்காரர் ஆயிற்றே. “நத்தை எப்படி மீன் கணக்குல வரும்? விலாசம் வேற.”

“விலாசம் அதேதான்பா. பேருதான் வேற. பேரு தப்பா இருந்தா லெட்டரைத் திருப்பி அனுப்பிடுவீங்களா?” என்றாள் மகள்.

“வீட்ல ஆளு இருந்தா குடுத்துடுவோம்,” என்று ஒப்புக்கொண்டார் கணவர். அப்படிச் சொல்லிக்கொண்டே, கிட்டத்தில் பார்ப்பதற்காகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நத்தை இரண்டு கொம்பை நீட்டி, ஒரு நூலளவு நகர்ந்தது. பத்து நிமிஷம் கழித்துத் தீர்ப்பு மாற்றி எழுதப்பட்டது. தொட்டி இருக்கலாம். பிரிண்டர் உள்ளறைக்குப் போகட்டும், வயருக்கு அப்புறம் வழி பார்க்கலாம்.

நீராவியக்கா ஜெயித்துவிட்டாள். முகம் கழுவி, டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். நாற்காலியில் கணவர் இருந்தார். அதன் கைப்பிடியில் மகள். தரையில் கொழுந்தன், பதினோரு வருஷத்தில் காணாத சுறுசுறுப்போடு. டீயோடு நின்று பார்த்துவிட்டு, சமையலறைக்கே திரும்பினாள்.

“இங்க பாரேன்! திரும்புது!”

“அம்மா! சீக்கிரம் வா, இலையில ஏறுது!”

“அண்ணி! இது தூங்குதா, செத்துடுச்சா?”

வந்து பார்த்தாள். போனாள். மறுபடி வந்தாள். ஏழாவது தடவையோடு எண்ணுவதை நிறுத்திவிட்டு, ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குள் நுழைந்து, கதவை ஓசைப்படாமல் சாத்தினாள்.

அங்கே பழைய சூட்கேஸ்மேல், வயர் எட்டாத பிரிண்டர், பெட்டிகூடப் பிரிக்கப்படாமல் உட்கார்ந்திருந்தது. விளக்கு எரியவில்லை, சத்தமில்லை. எதிரே தரையில் சுவரில் சாய்ந்து, முட்டியை நீட்டி உட்கார்ந்து, நீராவியக்கா அதையே இருபது நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள்.