முப்பத்தொரு ஜோடி

ஜாயிண்டர் அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தொலைபேசி கேபிள் அறுந்தால் குழிக்குள் இறங்கி, நானூறு ஜோடிக் கம்பிகளை நிறம் பார்த்து ஒட்டுவது அவர் வேலை. அடுத்த தெருப் பெட்டியருகே மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஜோடியிலும் சத்தம் வருகிறதா என்று சொல்வது என் வேலை. பேசிக்கொள்ள ஒரு ஜோடியைத் தனியாக ஒதுக்கிக்கொள்வோம். அவர் "பதினேழு" என்பார். நான் "வருது" என்பேன். பத்தொன்பது வருடம் இப்படியே ஓடியது.

ஒருநாள் டீ ஆறிவிடுமே என்ற அவசரத்தில், கேட்காமலே "வருது, வருது" என்று அடித்துவிட்டேன். குழியிலிருந்து பேச்சு ஜோடியில் அண்ணன் குரல் வந்தது.

"கம்பி என் கையிலயே இல்லடா. உனக்கு என்னடா வருது?" என்றார். பின்னால் வந்த வசவை எழுதினால் காகிதம் தாங்காது. அன்றிலிருந்து அவ்வப்போது வெறுங்கையோடு ஒரு எண்ணைச் சொல்லி என்னைச் சோதிப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

ஊரையெல்லாம் ஒட்டிய மனுஷன் தன் வீட்டு ஏணிக்கு ஒரு போல்ட்டை முடுக்கவில்லை. அண்ணி மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் "ஞாயித்துக்கிழமை பாக்கலாம்" என்றார் இவர். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏறிய அண்ணி, ஏணியோடு சாய்ந்து சிமெண்ட் விளிம்பில் முதுகு அடிபட விழுந்தார். மறுநாள் அண்ணன் போல்ட்டை முடுக்கினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

எலும்பை நிமிர்த்தித் தகடு வைத்தாயிற்று. கால் மட்டும் அசையவில்லை. நெஞ்சுக்குழிக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை. பெண் டாக்டர் ஒருவர், நல்ல பொறுமைசாலி, காகிதத்தில் படம் போட்டு எங்களுக்கு விளக்கினார்.

"முதுகெலும்புக்குள்ள சுண்டுவிரல் தடிமன்ல ஓடுறது தண்டுவடம். அதுலேர்ந்து ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா நரம்பு கிளம்பும். கழுத்துல எட்டு, மார்புல பன்னிரண்டு, இடுப்புல அஞ்சு, அதுக்குக் கீழ அஞ்சு, வால் எலும்புல ஒண்ணு."

"மொத்தம் முப்பத்தொண்ணு" என்றார் அண்ணன் உடனே. கூட்டலில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"ஆமா. ஒவ்வொரு ஜோடிக்கும் உடம்புல ஒரு பட்டை. தொப்புளுக்கு மார்புல பத்தாவது. குதிகாலுக்கு இடுப்புக்குக் கீழ முதலாவது. தொட்டா தெரியுற சேதி பின்வேர் வழியா உள்ள போகும். அசைன்னு சொல்ற கட்டளை முன்வேர் வழியா வெளிய வரும். முகம் மட்டும் இந்தக் கணக்குல இல்ல, அதுக்கு மூளையிலேர்ந்தே நேரா நரம்பு இருக்கு. தண்டுவடம் மேல் இடுப்போட முடிஞ்சிடும். அதுக்குக் கீழ வேர்கள் குதிரை வால் மாதிரி கொத்தா தொங்கும்."

"அப்போ கீழ உள்ள ஜோடியெல்லாம் நல்லாத்தானே இருக்கு? மேலதானே அடி? நான் நானூறு ஜோடி ஒட்டுறவன் டாக்டர். முப்பத்தொண்ண ஒட்ட முடியாதா?"

"வெளிய வந்த நரம்புன்னா சில நேரம் தைக்கலாம். இது தண்டுவடம், உள்ள லட்சக்கணக்குல இழை. நைஞ்சு போனா ஒட்ட வழி கிடையாது." படத்தின் அடிப்பக்கத்தைக் காட்டி, "கீழ எங்கயாவது ஒரு பொட்டு உணர்வு திரும்புனா நம்பிக்கை வைக்கலாம். ஆறு வாரம் பாப்போம்" என்றார்.

அந்த ஒரு பொட்டுதான் அண்ணனைப் பிடித்து ஆட்டியது. ஒரு நோட்டில் முப்பத்தொரு எண்ணையும் வரிசையாக எழுதினார். தினமும் காலையில் அண்ணியைக் கண்ணை மூடச் சொல்லி, தீக்குச்சியால் வயிறு, தொடை, முழங்கால், குதிகால் என்று தொட்டுக் கேட்பார். முதல் மூன்று வாரம் எல்லாம் "வரல." மனுஷன் சாப்பாட்டை மறந்தார், சவரத்தை மறந்தார். நாலாவது வாரம் முழங்காலில் அண்ணி "வருது" என்றார். அண்ணன் வார்டே அதிரக் கத்தினார். ஆறாவது வாரம் முடிவதற்குள் நெஞ்சுக்குழிக்குக் கீழே மட்டும் ஒன்பது டிக் விழுந்துவிட்டது.

அந்த "வருது" எனக்குப் பழக்கமான "வருது". டீ கையில் இருக்கும்போது நான் சொன்னது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பழகியவனுக்கு இன்னொரு பூசணிக்காய் தெரியாதா? ஆனால் சொல்ல வாய் வரவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் வந்திருக்காது.

டாக்டர் வந்து பார்க்க வேண்டிய நாள். அதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று அண்ணன் தீக்குச்சியை எடுத்தார். நான் பிளாஸ்க்கோடு ஜன்னலருகே நின்றிருந்தேன். முழங்கால், வருது. கணுக்கால், வருது. குதிகாலுக்கு வந்தபோது, பழக்கதோஷம், கை தானாகவே விலகிவிட்டது. குச்சி காற்றில் நின்றது.

"வருதா?"

"வருதுங்க. நல்லாவே வருது" என்றார் அண்ணி, கண்ணை மூடியபடி.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் குச்சியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு மறுபடி கேட்டார்.

"இப்போ?"

"இப்பவும் வருதுங்க."

எனக்கு விழுந்த வசவு இப்போது அண்ணிக்கு விழும் என்று பயந்தேன். விழவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, "ஏம்மா இப்படிப் பண்ணே?" என்றார்.

அண்ணி கண்ணைத் திறந்தார். கட்டியிருந்த கைகளைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான் விழுந்து கிடந்தப்போ ஏணிப் பக்கத்துல நின்னு தலையில தலையில அடிச்சுக்கிட்டீங்களே, அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. வரலன்னா மறுபடி அடிச்சுப்பீங்க. அதான்."

அண்ணன் நோட்டைத் திறந்தார். ஒன்பது டிக்கையும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 'இல்லை' என்று எழுதினார். சரியில்லாத ஜோடியைச் சரி என்று எழுதி அவருக்குப் பழக்கமில்லை. நோட்டை மூடி என்னிடம் நீட்டி, "டாக்டர்கிட்ட நீயே குடுத்துடு" என்றார். அழுதார். பத்தொன்பது வருடத்தில் நான் பார்த்த முதல் அழுகை. நானும் அழுதேன், இதில் வெட்கமென்ன.

பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையை அண்ணியின் கன்னத்தில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"வருதுங்க" என்றார் அண்ணி. "இது நிஜமாவே வருது."